60 மீட்டர் மண்டபம் வேண்டாம், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

செகண்ட் லைஃப் என்ற அந்த இணைய மெய்நிகர் உலகில் ஒரு முழு ரீஜனையே (சதுரமான ஒரு நிலத்துண்டை) வாடகைக்கு எடுத்துவிட்டாய், ஒரு பக்கம் தியான மண்டபம், மறுபக்கம் ஓவியக்கூடம், நடுவில் ஏரி. நீ அனுப்பிய வரைபடத்தைப் பார்த்தேன், அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மண்டபத்துக்கு 60 மீட்டர் நீளம் என்று போட்டிருக்கிறாயே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. அங்கே சாதாரணமாக டைப் செய்வது 20 மீட்டருக்குள் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். கத்தும் முறையில் போட்டால் 100 மீட்டர் போகும், சரி, ஆனால் தியானம் நடத்துகிறவர் ஒவ்வொரு வரியையும் கத்திக்கொண்டிருந்தால் நன்றாகவா இருக்கும்? கடைசித் தூணருகே உட்கார்ந்தவர், பாவம், நிகழ்ச்சி இன்னும் தொடங்கவே இல்லை என்று நினைத்துக் காத்திருப்பார்.

ரீஜன் 256 மீட்டருக்கு 256 மீட்டர் என்றதும் எல்லாருக்கும் கை பரபரக்கத்தான் செய்யும். மழையில்லை, வெயிலில்லை, பறக்கவும் முடியும், அப்படிப்பட்ட இடத்தில் கூரையும் தூணும் எதற்கு என்று யாரும் கேட்டுக்கொள்வதில்லை. எத்தனையோ பேர் மாதக்கணக்கில் கட்டிவிட்டு, திறப்பு விழாவுக்குக் கூட்டம் சேர்த்துவிட்டு, அடுத்த வாரமே ஆளில்லாமல் விட்ட மண்டபங்கள் அங்கே நிறைய. நீயும் அதில் ஒருவனாகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என் யோசனை சின்னதுதான். ஒரு வட்டம் போடு, குறுக்களவு 10 மீட்டர் போதும், சுற்றிலும் பத்துப் பதினைந்து இருக்கைகள், அவதார்கள் (நம் சார்பில் அங்கே நடமாடும் உருவங்கள்) உட்காரும் அனிமேஷன் நன்றாக இருக்கும்படி பார்த்துக்கொள். தொடக்கத்திலும் முடிவிலும் மணி அடிக்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட், அதாவது பொருளை இயக்கும் நிரல். இவ்வளவுதான். மிச்ச உழைப்பையெல்லாம் வாரா வாரம் அதே கிழமை, அதே நேரம் அங்கே போய் நிற்பதில் செலவிடு. யாருமே வராத வாரத்திலும் நீ இருக்க வேண்டும், ஏனென்றால் அன்றைக்குத்தான் யாராவது முதல்முறையாக எட்டிப் பார்ப்பார்கள்.

செகண்ட் லைஃபிலேயே எபிஃபனி தீவில் இருக்கும் ஆங்கிலிக்கன் பேராலயம் பெரிய கட்டடம்தானே என்று நீ கேட்பாய். பெரியதுதான். ஆனால் 2007இல் தொடங்கிய அந்த முயற்சி நிலைத்தது கோபுரத்தால் இல்லை. குறித்த நேரத்தில் ஜெபத்தை நடத்த ஆட்கள் முறைவைத்து வந்தார்கள், அதனால்தான் மற்றவர்களும் வந்தார்கள். அங்கே இருக்கும் புத்தா சென்டர் என்ற பௌத்த தியான இடமும் அப்படித்தான், மௌனமாக உட்காருவதற்கு நேரம் குறித்திருப்பார்கள், போனால் யாராவது ஒருவர் இருப்பார். இன்னொன்றையும் கவனி. அந்தப் பேராலயத்தில் ஜெபம் உண்டு, அப்பமும் ரசமும் பகிரும் நற்கருணை கிடையாது. கத்தோலிக்கத் திருச்சபையும் நற்கருணை போன்ற அருட்சாதனங்கள் இணையத்தில் இல்லை என்று 2002லேயே சொல்லிவிட்டது. திரை வழியாக எதைச் செய்யலாம், எது உடலோடு நேரில் வந்தால்தான் ஆகும் என்று அவர்கள் கோடு போட்டிருக்கிறார்கள். நீயும் அப்படி ஒன்றைப் போட்டுக்கொள், எங்கே போடுவது என்பது உன் விருப்பம். 'இதெல்லாம் நிஜமா' என்று கேட்கிறவர்களோடு மட்டும் மல்லுக்கு நிற்காதே, அந்தச் சண்டைக்கு முடிவே கிடையாது.

மௌனத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் போன ஒரு கூட்டத்தில் மணி அடித்து எல்லாரும் அமைதியானதும், ஒருவருடைய அவதார் மட்டும் இரண்டு கைகளையும் தூக்கிக் காற்றில் டக்டக்கென்று டைப் அடித்துக்கொண்டிருந்தது. அவர் யாருக்கோ ஏதோ எழுதப் போகிறார், அழிக்கிறார், மறுபடி எழுதுகிறார், வரி மட்டும் வரவே இல்லை. அந்தச் சத்தத்தைத் தவிர அந்த இடத்தில் வேறு சத்தமே இல்லை. சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு! அந்த அசைவையும் ஒலியையும் செட்டிங்ஸில் நிறுத்திவிடலாம், வருகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடு. அப்புறம், கொஞ்ச நேரம் மவுஸையோ கீபோர்டையோ தொடாவிட்டால் பெயருக்குப் பக்கத்தில் 'இங்கே இல்லை' என்ற குறி வந்துவிடும். தியானத்தில் நிஜமாகவே உட்கார்ந்தவர்களுக்குத்தான் அது முதலில் வரும், எனவே அதைப் பார்த்துவிட்டு ஆள் எழுந்து போய்விட்டார் என்று முடிவு கட்டாதே.

மைக்கில்தான் நடத்துவேன் என்று அடம் பிடிக்காதே. 2007இல் குரல் வசதி வந்தபோதே அங்கே பலர் முகம் சுளித்தார்கள், அதற்குக் காரணமும் இருந்தது. காது கேளாதவர்கள் இருக்கிறார்கள், பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள், தன் குரலை வெளியே காட்ட விரும்பாதவர்களும் உண்டு. பேசுவதையெல்லாம் கூடவே ஒருவர் டைப் செய்து போட ஏற்பாடு செய். கூட்டாகச் சேர்ந்து பாடலாம் என்ற ஆசையையும் விட்டுவிடு, ஒவ்வொருவர் காதிலும் ஒலி ஒவ்வொரு நேரத்துக்கு வந்து விழும், தாளம் கந்தலாகிவிடும். நேரலை ஸ்ட்ரீமில் பாடுகிறவருக்கே கைதட்டல் பல விநாடி கழித்துத்தான் வந்து சேரும், அவர் அதற்குள் அடுத்த பாட்டை எடுத்திருப்பார். ஒருவர் பாடட்டும், மற்றவர்கள் எழுத்தில் பதில் சொல்லட்டும்.

இனி ஓவியக்கூடம். சுவரில் சட்டம் போட்டுப் படங்களை மாட்டப் போகிறாய் என்றால் அதற்கு இந்த உலகம் எதற்கு? சீனக் கலைஞர் சாவ் ஃபெய் செகண்ட் லைஃபில் தன் 'ஆர்எம்பி சிட்டி'யை 2009இல் திறந்தபோது ஒரு நகரத்தையே கடல்மேல் நிறுத்தியிருந்தார், பெய்ஜிங் ஒலிம்பிக்கின் பறவைக்கூடு மைதானமும் ஒரு பெரிய பாண்டாவும் ஒரே பார்வையில் தெரியும். அந்த நகரத்தில் சைனா ட்ரேசி என்ற அவதாராக அவரே உலாவினார். நிகழ்த்துகலைஞர்களான மரீனா அப்ரமோவிச்சும் உலாயும் முன்பு ஒரு வாசலில் எதிரெதிரே நிர்வாணமாக நின்ற நிகழ்வை, ஈவா, ஃபிராங்கோ மாட்டெஸ் என்ற கலைஞர் இருவர் அவதார்களை வைத்து மறுபடி செய்தார்கள். அந்த இருவருக்கும் இடையே நெருக்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். உடலே இல்லாத இடத்திலும் அந்தக் கூச்சம் வருமா என்பதுதான் அதில் எனக்குப் பிடித்த கேள்வி (எனக்கு வந்திருக்கும் என்றே நினைக்கிறேன்). இப்படி உள்ளே நுழைந்து நடக்கக்கூடிய ஏதாவது ஒன்றை வை, ஒன்றே ஒன்று போதும். ஆனால் ஓவியத் திறப்பு விழாவையும் தியானத்தையும் ஒரே நாளில் வைக்காதே. இரண்டு கூட்டத்துக்கும் வேறு வேறு மனநிலை, அதோடு அவ்வளவு பேர் ஜிகினா உடையும் ஸ்கிரிப்டுமாக வந்து இறங்கினால் லாகில் (எல்லாம் திணறித் தாமதமாகும் நிலையில்) யாராலும் நகரக்கூட முடியாது.

தொல்லை கொடுக்க வருகிறவர்களும் உண்டு. உன் பார்சலில், அதாவது உன் நிலத்தில், குழு உறுப்பினர் அல்லாதவர்கள் பொருள் வைப்பதையும் ஸ்கிரிப்ட் ஓட்டுவதையும் இப்போதே தடுத்துவிடு. ஆளை வெளியேற்றும் அதிகாரத்தை உன்னைத் தவிர இன்னும் இரண்டு பேருக்காவது கொடு.

கசப்பான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வாடகை நின்றால் எல்லாம் போய்விடும். பெரிய கைகள் பின்னால் இருந்தாலும் இதே கதிதான். செகண்ட் லைஃபை நடத்தும் லிண்டன் நிறுவனத்தின் ஆதரவோடு கலைஞர்களுக்கு ரீஜன் கொடுத்துவந்த லிண்டன் கலை அறக்கட்டளைத் திட்டம் 2019இல் முடிந்தது. மைக்ரோசாஃப்ட் கையில் இருந்த ஆல்ட்ஸ்பேஸ்விஆர் என்ற இன்னொரு மெய்நிகர் உலகம் 2023 மார்ச் 10 அன்று மூடப்பட்டது, அங்கே வாரம் தவறாமல் கூடிய தேவாலயக் குழுக்களும் தியானக் குழுக்களும் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. அதனால் கட்டியதையெல்லாம் அவ்வப்போது ஒரு பிரதி எடுத்து இன்வென்டரியில் (உன் கணக்கின் பொருள் பெட்டியில்) வை. நிலத்தைவிட உன் குழுப் பட்டியல் முக்கியம். அதில் ஆள் இருந்தால் வேறு யாராவது ஒரு மூலையைக் கொடுத்தாலும் அங்கே கூடிக்கொள்ளலாம்.

முதல் கூட்டத்துக்கு நான் வருகிறேன், லேண்ட்மார்க் (இடத்துக்கான இணைப்பு) அனுப்பு. நோட்டீஸில் உன் ஊர் நேரத்தை மட்டும் போடாதே, செகண்ட் லைஃப் கடிகாரம் ஓடுவது பசிபிக் நேரத்தில். அதையும் சேர்த்தே போடு, இல்லாவிட்டால் பாதிப்பேர் மணி அடித்து முடிந்த பிறகுதான் வந்து இறங்குவார்கள்.

அன்புடன்,
அண்ணன்