உன் கையெழுத்து இருக்கிற படம்

அன்புள்ள பாப்பாவுக்கு, அம்மா எழுதுவது.

கொலுவுக்கு வந்த எதிர்வீட்டு மாமி எடுத்து அனுப்பிய போட்டோவை நீ இவ்வளவு பெரிதாக்கிப் பார்ப்பாய் என்று நான் நினைக்கவில்லை. மூன்றாம் படியில் செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த சின்னப் படம். அதன் மூலையில் மூன்றே மூன்று சொல். "அம்மா, அது என் லெட்டர்தானே? வெட்டிட்டியா?" என்று கேட்டிருந்தாய். அந்தக் கேள்வியை இரண்டு நாளாக மனதில் போட்டுப் புரட்டிக்கொண்டே இருக்கிறேன். வாட்ஸ்அப்பில் ஒரு வரியில் அடங்குகிற பதில் இல்லை. அதனால் பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார்ந்துவிட்டேன்.

ஆமாம், உன் லெட்டர்தான். 2004 ஆகஸ்டில் கோயம்புத்தூர் ஹாஸ்டலிலிருந்து நீ போட்ட மூன்றாவது இன்லண்ட் லெட்டர். ஆனால் அதை நான் வெட்டவில்லை. வேறு இரண்டை வெட்டியிருக்கிறேன். அதையும் இதிலேயே சொல்லிவிடுகிறேன். முதலில் இதைக் கேள்.

உன் லெட்டர் புதன்கிழமை வரும். அப்பா ஒரு தடவை படித்துவிட்டு என்னிடம் கொடுத்துவிடுவார். நான் அதைத் தையல் மெஷின் இழுப்பறையில் வைத்துக்கொண்டு, ஒரு ப்ளவுஸுக்கும் அடுத்த ப்ளவுஸுக்கும் நடுவில் எடுத்து எடுத்துப் படிப்பேன். இன்லண்ட் பேப்பர் மெல்லிசு அல்லவா? மடிப்பு மூலையில் முதலில் ஒரு பொட்டு ஓட்டை விழும். அப்புறம் மடிப்போடு கிழியும். இந்த லெட்டர் தீபாவளிக்கு முன்னாலேயே இரண்டாகிவிட்டது. கிழிந்த இடம், "நான் நல்லா சாப்பிடுறேன், நீ கவலைப்படாதே" என்று எழுதியிருந்த வரிக்கு நடுவில். அந்த வரி பொய் என்று எனக்குப் படித்த அன்றைக்கே தெரியும். தீபாவளிக்கு நீ வந்தபோது உன் சுடிதாரை இரண்டு பக்கமும் ஒவ்வொரு இன்ச் பிடித்துத் தைத்தேனே, ஞாபகம் இருக்கிறதா? நான் ஒன்றும் கேட்கவில்லை. நீயும் ஒன்றும் சொல்லவில்லை.

கிழிந்ததை எப்படியாவது காப்பாற்ற வேண்டும் என்று தோன்றியது. செல்லோடேப் ஒட்டினால் நாளாக ஆக மஞ்சளாகி, பசை மட்டும் பேப்பரில் தங்கிவிடும். தாத்தாவின் பத்திரத்தில் அதைப் பார்த்திருக்கிறேன். அதனால் ஒரு கல்யாணப் பத்திரிகையின் கெட்டி அட்டையை அளவாக வெட்டி, ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்து, லெட்டரின் இரண்டு துண்டையும் அதன்மேல் சேர்த்து ஒட்டினேன். பேப்பர் சுருங்காமல் இருக்கட்டும் என்று மேலேயும் ஒரு தடவை பிரஷ்ஷால் தடவினேன். அங்கேதான் தப்புப் பண்ணினேன். நீ அப்போது இங்க் பேனாவில் எழுதுவாய். பால்பாயிண்ட் மை தண்ணீருக்கு அசையாது, இங்க் உடனே கரைந்துவிடும். இந்த வித்தியாசம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. என் கண்ணெதிரே உன் எழுத்து வரி வரியாக நீலமாகப் பரவியது. துணியால் ஒற்றினேன், இன்னும் பரவியது. கடைசியில் மிஞ்சியது "சாப்பிடுறேன், நீ கவலைப்படாதே" மட்டும்தான். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

காலையில் காய்ந்து போயிருந்தது. வாளித் தண்ணீரில் சொட்டு நீலம் விட்டதும் கலக்குவதற்கு முன்னால் ஒரு நொடி தெரியுமே, அந்த மாதிரி இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மெஷினில் அரக்கு நூல் போட்டிருந்தது. என்ன தோன்றியதோ, அந்த அட்டையை மெஷினில் வைத்து, கிழிந்த கோட்டின் மேலேயே ஒரு தையல் ஓட்டினேன். அதுதான் நான் செய்த முதல் படம். படம் செய்கிறேன் என்று நினைத்து அதைச் செய்யவில்லை.

தாகூரைப் பற்றி நான் பின்னால் படித்தபோது ஏன் அப்படிக் கண் கலங்கியது என்று இப்போது உனக்குப் புரியும். அவர் எந்த ஓவியப் பள்ளியிலும் படிக்கவில்லை. கவிதைக் கையெழுத்துப் படிகளில் அடித்துத் திருத்திய இடங்களை இங்க்காலேயே ஒன்றோடொன்று சேர்த்துச் சேர்த்துப் பறவை, மிருகம், முகம் என்று கொண்டுவந்தார். அறுபது வயதைத் தாண்டித்தான் முழுமூச்சாக வரைய ஆரம்பித்தார். 1930இல் பாரிஸில் அவருடைய முதல் கண்காட்சி நடந்தபோது அவருக்கு எழுபதை நெருங்கும் வயது. எழுத்து கெட்டுப்போன இடத்தில் படம் முளைக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு அது ஃபெவிகாலால் தெரிந்தது.

நீ ஹாஸ்டலில் இருந்த வருஷங்களில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் அட்டையில் ஒட்டிப் பார்த்தேன். பஸ் டிக்கெட், காலண்டர் தாள், ப்ளவுஸ் பிட்டு, கோரைப்பாய் ஓரம், ஹூக்கு. திருபுவனத்திலிருந்து ப்ளவுஸ் தைக்கக் கொடுக்கும் அக்கா, தறியில் மிச்சமாகும் பட்டு நூலைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து தருவார். எனக்குச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. ஒவ்வொன்றையும் கெடுத்துத்தான் கற்றேன். மெஷினில் பேப்பர் தைக்கும்போது தையலைப் பெரிதாக வைக்க வேண்டும். நெருக்கித் தைத்தால் ஸ்டாம்பு ஓரம் மாதிரி பொட்டுப் பொட்டாக ஓட்டை விழுந்து அந்தக் கோட்டிலேயே கிழிந்து வந்துவிடும். பேப்பர் தைத்த ஊசி மழுங்கிவிடும், அதைத் துணிக்குப் போடக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் காயும்போது அட்டை அந்தப் பக்கமாக வளையும். பின்பக்கமும் ஒரு தாள் ஒட்டி, அம்மிக்கல்லின் அடியில் ஒரு ராத்திரி வைக்க வேண்டும். மைதா பசை காய்ச்சினால் மயில்துத்தம் ஒரு சிட்டிகை போட வேண்டும். போடாமல் ஒட்டிய ஏழு படங்களைக் கரப்பான் தின்றுவிட்டது. தின்ற ஓரம் ஒன்று நன்றாக இருந்தது, அதை மட்டும் வைத்திருக்கிறேன்.

தஞ்சாவூர்ப் பெரியம்மா வீட்டுத் தெருவில் பலகைப் படம் செய்கிறவர் ஒருவர் இருந்தார். அவர் வாசலில் போய் உட்கார்ந்து பார்ப்பேன். பலகையில் துணி ஒட்டி, சுண்ணாம்புத் தூளும் பசையும் குழைத்துப் பல பூச்சுப் பூசி, வழவழவென்று தேய்த்து, வரைந்து, கல் பதித்து, மக்கு என்கிற சுண்ணாம்புக் குழைவை வைத்துப் புடைப்பாக எடுத்து, அதன்மேல் தங்க ரேக்கு ஒட்டுவார். கலர் கடைசியில்தான் வரும். மரம், துணி, சுண்ணாம்பு, கண்ணாடி, தங்கம், வர்ணம் எல்லாம் ஒரே படத்தில். "மிக்ஸட் மீடியா" என்ற வார்த்தையை நீ எனக்குச் சொல்லித் தருவதற்கு எத்தனையோ காலம் முன்னாலிருந்தே நம் ஊர்ப் பூஜை அறைகளில் அது மாட்டியிருக்கிறது. அவர் எனக்குச் சொன்னது ஒன்றே ஒன்று: "ஒவ்வொண்ணையும் காய விடுங்கம்மா." வீட்டுக்கு வந்து அட்டையில் மக்கு வைத்துப் பார்த்தேன். காய்ந்ததும் பாளம் பாளமாக வெடித்தது. அட்டை வளையும், மரம் வளையாது. அதற்குத்தான் பலகை என்று அப்புறம் புரிந்தது.

பெரிய படமாகச் செய்யேன் என்று நீ போன வருஷம் கேட்டாய், நல்ல மனதோடுதான். எனக்குக் கிடைத்த மேஜை தையல் மெஷின் பலகைதான், பாப்பா. அதிலும் ஒரு பக்கத்தில் வெட்டி வைத்த ப்ளவுஸ் இருக்கும். போஸ்ட்கார்டு அளவு என்றால் குக்கர் விசில் வருவதற்குள் ஒரு துண்டு ஒட்டி, இழுப்பறையில் போட்டு மூடிவிடலாம். ஆரம்பத்தில் இடம் இல்லாததால்தான் சின்னதாகச் செய்தேன். இப்போது உன் அறை முழுக்கக் காலியாக இருந்தும் சின்னதாகத்தான் செய்கிறேன். கையில் எடுத்து, முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்து, லெட்டர் படிக்கிற மாதிரி பார்க்கிற படம்தான் எனக்கு வேண்டும்.

நான் நியூயார்க் வந்தபோது நீ என்னை மன்ஹாட்டனில் மியூசியத்துக்குக் கூட்டிப்போனாயே, அந்தப் பெட்டியை நான் இன்னும் மறக்கவில்லை. உள்ளே வெல்வெட், கல் வைத்த ஒரு கழுத்துச் சங்கிலி, வரிசையாகக் கண்ணாடிக் கட்டிகள். டாக்லியோனி என்ற நடனக்காரியை ஒரு வழிப்பறிக்காரன் பனியில் நிறுத்தி ஆடச் சொன்னான், அந்த ராத்திரியின் ஞாபகமாக அவள் நகைப்பெட்டியில் ஒரு துண்டு பனிக்கட்டி வைத்துக்கொள்வாள் என்று ஒரு கதை. அதற்காகச் செய்த பெட்டி என்று நீ படித்துச் சொன்னாய். 1940இல் செய்தது. செய்தவர் ஜோசப் கார்னெல் என்ற அமெரிக்கக் கலைஞர். நீ வீட்டுக்கு வந்து தேடிவிட்டு, "அம்மா, இவர் இங்கேதான் ஃப்ளஷிங்கில் இருந்திருக்கார், யுட்டோப்பியா பார்க்வேயில்" என்று கத்தினாய். நாம் வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோவிலுக்குப் போய், கேன்டீனில் தோசை சாப்பிட்டு வருகிற அதே ஃப்ளஷிங்.

அதற்குப் பிறகு அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டேன். ஓவியம் படிக்காதவர். இவர் சின்னப் பையனாக இருந்தபோதே அப்பா இறந்துவிட்டார். துணிக் கம்பெனிக்கு விற்பனை ஆளாக மன்ஹாட்டன் தெருக்களில் அலைந்தவர். மூளை முடக்குவாதம் வந்த தம்பியையும் அம்மாவையும் பார்த்துக்கொண்டு, 1929இலிருந்து 1972இல் சாகும்வரை அந்த ஒரே வீட்டில் இருந்தார். பகலில் வேலை, ராத்திரியில் வீடு அடங்கிய பிறகு சமையலறை மேஜையில் பெட்டி. பழைய கடைகளில் வாங்கிய மணி, மேப், பறவைப் படம், சின்னக் கண்ணாடிக் குப்பி. புதுப் பெயிண்ட் பழசாகத் தெரிய வேண்டும் என்று பெட்டியை ஓவன் அடுப்பில் வைத்துச் சுட்டு எடுப்பாராம்! எனக்கு ஒரு அண்ணன் கிடைத்த மாதிரி இருந்தது.

ஆனால் ஒரு விஷயத்தைப் படித்தபோது முகம் சுண்டிவிட்டது. பழைய படங்களை வெட்டி வீணாக்காமல், அவற்றை ஃபோட்டோஸ்டாட் எடுத்து அந்தப் பிரதியைத்தான் அவர் பல பெட்டிகளில் வைத்திருக்கிறார். அசலைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். இதைப் படித்த நாளில்தான் நான் வெட்டிய அந்த இரண்டு லெட்டர் ஞாபகம் வந்தது.

சொல்லிவிடுகிறேன். ஒன்று, 2006இல் நீ பரீட்சையில் ஒரு பேப்பர் போனதைச் சொல்லி எழுதியது. இன்னொன்று, வேலை கிடைத்த சந்தோஷத்தில் கொட்டை கொட்டையாக எழுதியது. இரண்டிலும் உன் 'அ' வேறு வேறாக இருந்தது. வருத்தத்தில் ஒடுங்கி, சந்தோஷத்தில் அகண்டு. இரண்டு 'அம்மா'வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆசைப்பட்டுக் கத்தரிக்கோலை எடுத்துவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. எனக்கு வந்த லெட்டர், எனக்குத்தானே சொந்தம் என்று நினைத்தேன். அது சரியில்லை. எழுதியவள் நீ. என்னை மன்னித்துக்கொள். அந்த இரண்டிலும் மீதியை வெட்டவில்லை, ஒட்டி வைத்திருக்கிறேன், வந்தால் காட்டுகிறேன். இப்போதெல்லாம் கடைத்தெருவில் ஜெராக்ஸ் எடுத்துத்தான் வேலை செய்கிறேன். அந்த மை தண்ணீருக்கும் ஃபெவிகாலுக்கும் கரைவதில்லை. உன் மற்ற லெட்டர் எல்லாம் வசம்புத் துண்டோடு பட்டுப்புடவைப் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. ஜெராக்ஸ்கூட எடுக்க வேண்டாம் என்று நீ சொன்னால் எடுக்க மாட்டேன்.

கொலுவில் பார்த்த படத்தை ஒருவர் நல்ல விலைக்குக் கேட்டார். நான் தரவில்லை. அது உனக்குச் சேர வேண்டியது. மாமியின் பையன் அடுத்த வாரம் நியூயார்க் கிளம்புகிறான், அவன் கைப்பையில் கொடுத்து அனுப்புகிறேன். பட்டர் பேப்பர் சுற்றி, இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்திருக்கிறேன். உன் சமையலறை ஜன்னல் பக்கம் மாட்டாதே, வெயிலில் அந்த நீலம் வெளிறிவிடும். குட்டியின் கண் உயரத்துக்கு மாட்டு. 1972இல் கார்னெல் குழந்தைகளுக்காகவே ஒரு கண்காட்சி வைத்து, பெட்டிகளையெல்லாம் அவர்கள் உயரத்துக்குத் தாழ்வாக வைத்தார். வந்த குழந்தைகளுக்குக் கேக்கும் கோலாவும் கொடுத்தார்களாம். நீயும் அவளுக்கு ஏதாவது கொடு.

படத்தைத் திருப்பிப் பார். கரைந்துபோன வரிகளை எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தவரைக்கும் பின்பக்கத்தில் பால்பாயிண்டில் எழுதியிருக்கிறேன். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, "மெஸ்ஸில் இன்றைக்கு" என்பதற்குப் பிறகு என்ன எழுதியிருந்தாய் என்று மட்டும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். உனக்கு ஞாபகம் இருந்தால் நீ எழுதிவிடு.

அன்புடன்,
அம்மா