புதுத் தலைமையாசிரியைக்கு ஒரு கடிதம்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ தலைமையாசிரியையாகப் பொறுப்பேற்றிருக்கிறாய் என்று படித்ததுமே அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "அவளுக்குக் கிடைக்காமல் வேறு யாருக்குக் கிடைக்கும்?" என்றார். அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இப்போது பேப்பரை எங்களுக்கு முன்பே வாசித்துவிட்டுச் செய்தி சொல்கிறார். மகள் வேலைக்குப் போகிறாள். மகனுக்குப் படிப்பும் கிடாரும் சமபங்கு. நான் அதே பள்ளியில், அதே ஓவிய அறையில்தான் இருக்கிறேன். நாடகத்தையும் என் பொறுப்பில் விட்டுவிட்டார்கள், அதில் எனக்கு நிறைந்த மகிழ்ச்சி.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு பள்ளிகளை ஒன்றாக்கி உன் கையில் கொடுத்திருக்கிறார்கள். பழைய பள்ளிப் பிள்ளைகள் ஒரு பக்கம், வந்து சேர்ந்தவர்கள் ஒரு பக்கம், இடைவேளையில் மைதானமே இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது, ஆசிரியர் அறையிலும் அதே கதை என்று எழுதியிருந்தாய். பெரிதாக ஒரு கலைவிழா வைத்தால் எல்லோரும் ஒட்டிவிடுவார்கள் என்று நினைக்கிறாய். நடனத்துக்கும் நாடகத்துக்கும் நல்ல பிள்ளைகளாகப் பொறுக்கிக் கொடுக்க என்னை வரச் சொல்கிறாய்.

வருகிறேன், ஆனால் பொறுக்க மாட்டேன். உன்னிடம் எனக்கு ஒளிவுமறைவு கிடையாது. இந்த ஆண்டு தேர்வு வைத்து ஆள் எடுக்கும் எந்த நிகழ்ச்சியும் வேண்டாம். ஆடத் தெரிந்தவர்களும் பாடத் தெரிந்தவர்களும் மேடைக்குப் போவார்கள், மிச்சப் பிள்ளைகள் கீழே உட்கார்ந்து கைதட்டுவார்கள். ஏற்கெனவே இரண்டாக இருக்கிற பள்ளி அப்போது மூன்றாகும். எந்தப் பள்ளிப் பிள்ளை முன்வரிசையில் நின்றது, யார் வீட்டுப் பிள்ளைக்கு முக்கிய வேடம் என்று பெற்றோர் எண்ணத் தொடங்குவார்கள். கலைக்கு மனிதர்களை நெருங்க வைக்கும் சக்தி உண்டு, அதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. ஆனால் தேர்வு என்று வந்துவிட்டால் அந்தச் சக்தி பாதி போய்விடுகிறது.

பாட்டிலிருந்து தொடங்கு. பாடகர் குழு வேண்டாம், பள்ளி முழுவதும் பாடட்டும். காலையில் பத்து நிமிடம், எளிய பாட்டு, சுருதி பிசகினாலும் யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. ஏன் பாட்டு என்றால், 2015-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் முன்பின் தெரியாத பெரியவர்கள் சேர்ந்த வகுப்புகளைப் பல மாதங்கள் தொடர்ந்து பார்த்தார்கள். சில வகுப்புகளில் பாட்டு, மற்றவற்றில் கைவினையும் எழுத்தும். ஏழு மாதம் கழித்துப் பார்த்தால் எல்லா வகுப்புகளிலும் ஒரே அளவு நெருக்கம். ஆனால் பாடியவர்கள் மட்டும் முதல் மாதத்திலேயே வெகுவாக நெருங்கிவிட்டார்கள். அதனால்தான் பள்ளி திறக்கிற முதல் வாரத்துக்குப் பாட்டை வை என்கிறேன். ஓவியம், நாடகம் எல்லாம் நின்று நிதானமாக வேலை செய்பவை, அவை பின்னால் வரட்டும்.

சின்னப் பிள்ளைகளிடம் நடந்த ஒரு சோதனையும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 2010-இல் ஜெர்மனியின் லைப்சிக் ஆய்வாளர்கள் நான்கு வயதுக் குழந்தைகளை இரண்டிரண்டு பேராகத் தவளை விளையாட்டு ஆடவிட்டார்கள். சில ஜோடிகள் பாடி, தாளம் தட்டி ஆடின. சில ஜோடிகள் பாட்டில்லாமல் அதே விளையாட்டை ஆடின. பிறகு ஒரு குழந்தையின் குழாயிலிருந்து கோலிகள் கொட்டிப்போகும்படி ஏற்பாடு. பாடி ஆடிய ஜோடிகளில் தன் வேலையை விட்டுவிட்டுப் பொறுக்கிக் கொடுக்க வந்த குழந்தைகள் அதிகம். ஆடியது ஒரே விளையாட்டுதான். கூடுதலாக இருந்தது சேர்ந்து எழுந்த குரலும் தாளமும்.

சேர்ந்து இசைப்பதாலேயே எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. வெனிசுவேலாவில் ஹோசே அந்தோனியோ அப்ரேயு 1975-இல் தொடங்கிய எல் சிஸ்தெமா உனக்குத் தெரிந்ததுதான். ஏழைப் பிள்ளைகள் கையில் வயலினைக் கொடுத்து, இசைக்குழுவே ஒரு சமுதாயம் என்று சொல்லிக்கொடுத்த இயக்கம். உலகப் புகழ் பெற்ற இசைக்குழு நடத்துநர் குஸ்தாவோ துதாமெல் அதில் வளர்ந்தவர்தான். அதையே இசை ஆய்வாளர் ஜெஃப்ரி பேக்கர் நேரில் போய் ஆராய்ந்து, மேலே நிற்பவரின் கைக்கோலுக்குக் கீழே எல்லோரும் கட்டுப்பட்டு நடப்பதுதான் அங்கே கற்பிக்கப்படுகிறது என்று 2014-இல் கடுமையாக விமர்சித்தார். அவர் எழுதியதை ஒட்டுமொத்தமாக நான் ஏற்கவில்லை. அத்தனை ஆயிரம் பிள்ளைகளுக்கு வாத்தியம் கிடைத்தது சின்ன விஷயமா? ஆனாலும் அவர் கேட்ட கேள்வியை விட்டுவிட முடியவில்லை. ஒத்திகையில் பிள்ளைகள் ஒருவரோடொருவர் பேசுகிறார்களா, இல்லை எல்லோரும் ஆசிரியரை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்களா? எந்த ஒத்திகைக்குப் போனாலும் என் கண் முதலில் இதைத்தான் தேடுகிறது.

இதனால்தான் எனக்குச் சுவரோவியத்தின் மேல் இத்தனை பிரியம். எப்படிச் செய்கிறோம் என்று விவரமாகச் சொல்கிறேன், உனக்கு உதவும். பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்த ஒரு படத்தைத் தாளில் வரைந்து, அதன்மேல் கட்டம் போடுகிறோம். அதே எண்ணிக்கையில் சுவரிலும் பெரிய கட்டங்கள். ஆளுக்கு ஒரு கட்டம், சீட்டுக் குலுக்கித்தான் கொடுக்கிறோம். தன் சின்னக் கட்டத்தில் இருப்பதைப் பார்த்துச் சுவரில் இருக்கும் தன் பெரிய கட்டத்தில் வரைய வேண்டும். விஷயம் கட்டத்தின் ஓரத்தில்தான் இருக்கிறது. என் கட்டத்தில் தொடங்கும் மரக்கிளை உன் கட்டத்தில் போய் முடிகிறது. கோடு எந்த இடத்தில் ஓரத்தைத் தொடுகிறது, எத்தனை தடிமன், பச்சையில் எந்தப் பச்சை என்று மேலே, கீழே, இடம், வலம் நாலு பேரிடமும் பேசாமல் யாராலும் தன் கட்டத்தை முடிக்க முடியாது.

போன முறை இரண்டு சிறுமிகளுக்கு அடுத்தடுத்த கட்டம் விழுந்தது. இருவருக்கும் வெகு நாளாகப் பேச்சில்லை. ஆற்றின் கரை ஒருத்தி கட்டத்தில் ஒரு சாண் மேலேயும் மற்றவள் கட்டத்தில் ஒரு சாண் கீழேயும் நின்றது. நான் குறுக்கே போகவில்லை. ரொம்ப நேரம் இருவரும் தன் தன் கரையையே தடவிக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒருத்தி பென்சிலால் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்து, "இங்கே வச்சுக்கலாமா?" என்றாள். மற்றவள் அந்தப் புள்ளியைத் துணியால் அழித்துவிட்டுக் கொஞ்சம் கீழே வேறு புள்ளி வைத்தாள். அடுத்து ஒரே டப்பாவில் நீலம் கலந்தார்கள். அவர்கள் உயிர்த்தோழிகளாகிவிட்டார்கள் என்று கதை கட்ட மாட்டேன். இப்போது பேசிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். அதற்கே எனக்கு மனசு நிறைந்துபோயிற்று.

பெரிய அளவிலும் இது நடந்திருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸில் ஜூடித் பாக்கா என்ற ஓவியர் 1976 முதல் சில கோடைக்காலங்களில் நானூறுக்கும் மேற்பட்ட இளைஞர்களைக் கூட்டி, ஒரு வெள்ள வடிகாலின் சுவரில் ஏறத்தாழ அரை மைல் நீளத்துக்கு அந்த மண்ணின் வரலாற்றை வரைந்தார். வெவ்வேறு இனங்களையும் பேட்டைகளையும் சேர்ந்த இளைஞர்கள் அவர்கள், காவல்துறைப் பதிவேட்டில் பெயர் ஏறியவர்களும் உண்டு. தங்கள் மக்களின் கதை எந்த இடத்தில் வர வேண்டும் என்று பேசி முடிவெடுத்து, வெயிலில் நின்று வரைந்தார்கள்.

வரைய வராத பிள்ளை என்ன செய்வது என்று நீ கேட்பாய். வண்ணம் கலக்க ஆள் வேண்டும், ஏணி பிடிக்க ஆள் வேண்டும், எந்தக் கட்டம் முடிந்தது என்று கணக்கு வைக்க ஆள் வேண்டும். எங்கள் பள்ளியில் அதிகம் வாய் திறக்காத பையன் ஒருவன்தான் வண்ணம் கலப்பவன். ஒரு முறை பார்த்த நிறத்தை அப்படியே மறுபடி கொண்டுவருவான். பெரிய வகுப்புப் பிள்ளைகள்கூட டப்பாவை எடுத்துக்கொண்டு அவனைத் தேடி வந்தார்கள். வேலை முடிந்ததும் ஏணி பிடித்த பிள்ளை வரை எல்லோர் பெயரும் சுவரில் ஏற வேண்டும், அவரவர் கையெழுத்தில்.

பெயரில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு ஃப்ரீடல் டிக்கர் பிராண்டைஸ் காரணம். ஜெர்மனியின் புகழ்பெற்ற கலைப் பள்ளியான பௌஹாஸில் படித்த யூத ஓவியர். 1942-இல் நாஜிகள் அவரை, யூதர்களை அடைத்து வைத்திருந்த தெரேசின் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அடைபட்டிருந்த குழந்தைகளுக்குக் கிடைத்த தாள்களை வைத்து ஓவியம் கற்றுக்கொடுத்தார். எண்ணாகிப்போன பிள்ளைகளிடம், வரைந்த படத்தில் உங்கள் பெயரை எழுதுங்கள் என்றார். 1944 அக்டோபரில் அவரை ஆஷ்விட்ஸ் கொலை முகாமில் கொன்றார்கள். போவதற்கு முன் ஏறக்குறைய 4,500 படங்களை இரண்டு பெட்டிகளில் வைத்துப் பத்திரப்படுத்தியிருந்தார். அவை இன்று பிராகில் உள்ள யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. பெயர்கள் இருக்கின்றன. நம் பிள்ளைகளுக்கு அப்படியொரு கொடுமை இல்லை, ஆனால் பெரிய பள்ளியில் வரிசை எண்ணாகவே இருந்துவிட்டுப் போகிற பிள்ளைகள் எத்தனை பேர்!

நாடகத்தை அரையாண்டுக்குப் பிறகு எடு. பிரேசில் நாட்டு அகுஸ்தோ போவால் 1970-களில் வளர்த்தெடுத்த மன்ற அரங்கு முறை உன் பள்ளிக்குப் பொருந்தும். ஓர் அநியாயத்தைக் காட்டும் சின்ன நாடகம், முடிவு சரியாக இருக்காது. அதையே மறுபடி நடிப்பார்கள். பார்க்கிறவர்களில் யார் வேண்டுமானாலும் "நிறுத்து" என்று சொல்லி, மேடைக்கு வந்து, வேறு விதமாக நடந்து பார்க்கலாம். எங்கள் வகுப்பில் புதுப் பையனுக்கு உட்கார இடம் தராத கதையை எடுத்தோம். ஒரு பிள்ளை வந்து சண்டை போட்டுப் பார்த்தது. ஒருத்தி கெஞ்சிப் பார்த்தாள். மூன்றாவதாக வந்தவன் அந்தப் புதுப் பையனின் வேடத்தை எடுக்கவில்லை. ஓரத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவனின் வேடத்தை எடுத்தான். எடுத்து, ஒன்றும் பேசாமல் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். அதற்குப் பிறகு வகுப்பு முழுக்க அந்த வேடிக்கை பார்த்தவனைப் பற்றியே பேச்சு. பெரும்பாலான பிள்ளைகள் அந்த இடத்தில்தான் இருக்கிறார்கள், அது அவர்களுக்கே தெரிந்துவிட்டது.

ஒன்றில் மட்டும் கவனமாக இரு. அடிபட்ட பிள்ளையை அதன் சொந்தக் கதையில் நடிக்க வைக்காதே. பெயரை மாற்று, பள்ளியை மாற்று, கதையைத் தள்ளி வை. முடிந்ததும் ஒவ்வொருவரும் கையைக் காலை உதறி, தன் பெயரைச் சொல்லி வேடத்தைக் கலைக்க வேண்டும். வில்லனாக நடித்த பிள்ளை அந்தப் பெயரோடு மைதானத்துக்குப் போகக் கூடாது.

இதையெல்லாம் பிள்ளைகளிடம் கொண்டுபோவதற்கு முன் ஆசிரியர் அறையில் தொடங்க வேண்டும். இதைத்தான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், அவ்வளவு முக்கியம். இரண்டு பள்ளி ஆசிரியர்களும் தனித்தனி மேஜையில் உட்காருவதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒரு கூட்டத்தில் சுற்றறிக்கை வாசிப்பதை ஓரமாக வைத்துவிட்டு, எல்லோரையும் ஜோடியாக உட்கார வை. தாளைப் பார்க்காமல், எதிரே இருப்பவரின் முகத்தை மட்டும் பார்த்துப் பென்சிலை எடுக்காமல் வரையச் சொல். யார் வரைந்தாலும் கோணல்மாணலாகத்தான் வரும், கைதேர்ந்த நானும் விலக்கல்ல. சிரிப்பு தானாக வரும். ஆனால் அதற்குள் ஒருவர் முகத்தை மற்றவர் முழுதாக இரண்டு நிமிடம் பார்த்திருப்பார். எங்கள் பள்ளியில் அலுவலகத்தில் இருப்பவரும் துப்புரவுப் பணியாளரும் காவலாளியும் இதில் உட்கார்ந்தார்கள். நீயும் உட்கார வேண்டும், மேற்பார்வை பார்க்கக் கூடாது.

நிர்வாகம் கேள்வி கேட்டால் கையில் வைத்துக்கொள்ள ஒன்று தருகிறேன். அமெரிக்காவின் ஹூஸ்டனில் 42 பள்ளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் கலைஞர்களையும் நாடகக் குழுக்களையும் கூடுதலாகக் கொண்டுவந்தார்கள். 10,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள். 2019-இல் வெளியான முடிவின்படி, கலை கூடுதலாகக் கிடைத்த பள்ளிகளில் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளான மாணவர்களின் விகிதம் 3.6 சதவீதப் புள்ளி குறைந்திருந்தது. எழுதும் திறனுக்கான தேர்வில் மதிப்பெண் ஏறியிருந்தது, பிறர்மேல் உள்ள அக்கறையும் சற்றுக் கூடியிருந்தது. பிரம்மாண்டமான எண்கள் இல்லை. அதனால்தான் நம்புகிறேன். பீரியடைக் கலைக்குக் கொடுத்தால் படிப்பு கெட்டுவிடும் என்று யாராவது சொன்னால் இதை எடுத்துக் காட்டு.

விழா வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைத்துக்கொள்ளாதே. ஆண்டு முடிவில் வை. பிள்ளைகளுக்குப் பார்க்க ஆள் வேண்டும், ஒரு நாள் குறித்திருந்தால்தான் வேலையும் நடக்கும். எந்தப் பள்ளியிலிருந்து வந்தவர் என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி குழுக்கள் கலந்திருக்கட்டும், பாட்டு முழுப் பள்ளியும் பாடுவதாக இருக்கட்டும், பரிசு எதுவும் வேண்டாம்.

விடுமுறை தொடங்கியதும் ஒரு வாரம் உன்னோடு வந்து தங்குகிறேன். முதல் இரண்டு நாளும் ஆசிரியர்களுக்கு, நீ நேரம் ஒதுக்கி வை. சுவரின் நீளம், உயரம் இரண்டையும் அளந்து எழுதி அனுப்பு. வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்பதும் வேண்டும். பழைய சுண்ணாம்பு உதிர்கிற சுவராக இருந்தால் சுரண்டிவிட்டு ப்ரைமர் அடிக்க வேண்டும், அதற்கு ஆள் பார்த்து இப்போதே சொல்லிவிடு, காய்வதற்கு நாளாகும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி