20 மி.மீ. பின்களும் அவற்றோடு வந்த கட்டுப்பாட்டு வரைபடமும்: புகார்

அனுப்புநர்:
உரிமையாளர், கன்வேயர் பொருத்தும் பட்டறை, பிறை, பினாங்கு

பெறுநர்:
தரப் பிரிவு மேலாளர்

ஐயா, வணக்கம்.

நீங்கள் கடைசியாக அனுப்பிய 20 மி.மீ. பின்களில் பல எங்கள் பித்தளைப் புஷ்ஷில் (பின் நுழைகிற வளையத்தில்) நுழையவில்லை. கையால் தள்ளினாலே வழுக்கிக்கொண்டு போக வேண்டியதைப் பையன்கள் சுத்தியலால் தட்டி இறக்குகிறார்கள்; புஷ்ஷின் வாய் கீறிப்போகிறது. டிராயிங்கில் நாங்கள் கேட்டது 19.979 முதல் 20.000 வரை. மைக்ரோமீட்டரில் 20.002 காட்டும் பின்கள் பெட்டியில் கிடக்கின்றன.

சரக்கோடு நீங்கள் அனுப்பிய கட்டுப்பாட்டு வரைபடத்தை, அதாவது பின்களின் அளவை நேர வரிசையில் புள்ளிகளாகக் குறிக்கும் சார்ட்டை, பற்றிப் போனில் கேட்டதற்கு, "சார்ட்டில் எல்லாப் புள்ளியும் கோட்டுக்குள்தானே இருக்கு" என்றார் உங்கள் ஊழியர். அந்தப் பதில்தான் எனக்கு அதிக வருத்தம். அவை கட்டுப்பாட்டுக் கோடுகளே அல்ல; அந்தக் கோடுகளை, வேலை வழக்கமாக எவ்வளவு ஏறி இறங்கும் என்று அளவீடுகளிலிருந்து கணக்கிட்டுப் போட வேண்டும். டிராயிங்கின் இரண்டு எல்லைகளையும் அப்படியே எடுத்துச் சார்ட்டில் போட்டிருக்கிறீர்கள். அங்கே உள்ள ஒவ்வொரு புள்ளியும் ஐந்து பின்களின் சராசரி. சராசரி உள்ளே இருக்கும்போதே தனிப் பின் வெளியே போய்விடும்.

உங்கள் எண்களை வைத்தே கணக்குப் போட்டேன். ஓட்டத்தின் தொடக்கத்தில் சராசரி 19.990. ஐந்தில் பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள வித்தியாசம் சராசரியாக 0.004. ஐந்து பின் எடுத்தால் அதை அட்டவணையில் உள்ள 0.577ஆல் பெருக்கிச் சராசரியோடு கூட்ட வேண்டும். அப்படியென்றால் மேல்கோடு 19.992ஐ ஒட்டித்தான் வரும். உங்கள் புள்ளிகள் காலையிலேயே அதைத் தாண்டி, ஏறிக்கொண்டே போய், மாலையில் 19.997இல் நிற்கின்றன. வெட்டுமுனை தேயத் தேய வெளிவிட்டம் பெருக்கும் என்பது லேத் ஓட்டுகிற எவருக்கும் தெரியும். முனையை மாற்றச் சொல்லி அந்தச் சார்ட் நாள் முழுக்கக் கத்தியிருக்கிறது, யாரும் நின்று பார்க்கவில்லை. 1924இல் அமெரிக்கப் புள்ளியியலாளர் வால்டர் ஷூவார்ட் இந்தக் கட்டுப்பாட்டு வரைபடத்தை உருவாக்கியதே, எப்போதும் இருக்கும் சிறு ஏற்ற இறக்கத்திலிருந்து, காரணத்தோடு வரும் மாற்றத்தைப் பிரித்து அறியத்தான். கோட்டைத் தாண்டாவிட்டாலும், நடுக்கோட்டுக்கு (சராசரிக் கோட்டுக்கு) ஒரே பக்கத்தில் தொடர்ந்து எட்டுப் புள்ளி விழுந்தால் மெஷினை நிறுத்திப் பார்ப்பார்கள்.

இந்தச் சரக்கு முழுவதையும் மாற்றித் தாருங்கள். சார்ட்டின் கோடுகளை உங்கள் அளவீடுகளிலிருந்தே கணக்கிட்டுப் போடுங்கள். அப்புறம், அது ஆபீஸ் கோப்பில் இல்லாமல் லேத் பக்கத்தில் தொங்கட்டும். புள்ளி வெளியே போன நேரமும், அப்போது என்ன செய்தார்கள் என்பதும் அதிலேயே எழுதப்பட வேண்டும். அப்படி எழுதிய தாள் இல்லாமல் அடுத்த சரக்கை இறக்க மாட்டேன்.

கீறிய புஷ்களுக்கான பில் இணைப்பில் உள்ளது.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர்