நீலாம்பரி போட்டேன், அணைக்கச் சொன்னார்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மன அழுத்தத்துக்கு இசை நல்லது என்று உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உட்கார்ந்து படித்தேன். நல்ல கட்டுரைதான், ஆனால் தூக்கத்துக்கு இந்த ராகம், தலைவலிக்கு அந்த ராகம் என்று மருந்துச் சீட்டு போல எழுதியிருந்தது உறுத்தியது. இசை கேட்டால் பயமும் வலியும் கொஞ்சம் குறைகிறது என்பதை நான் மறுக்கவில்லை. அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களை வைத்து நடந்த எழுபதுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2015ல் லான்செட் மருத்துவ இதழிலேயே எழுதினார்கள், அதோடு எந்த இசை என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை என்றும் சொன்னார்கள். அப்புறம் எதற்கு இந்தப் பட்டியல்?

கட்டுரையில் விட்டுப்போனது பாடுவது. காதில் கேட்பது வேறு, நாலு பேரோடு உட்கார்ந்து பாடுவது வேறு.

நான் கும்பகோணத்துப் பக்கம், கல்யாணமாகி சாட்ஸ்வொர்த் வந்து 20 வருஷம் ஆகிறது. 1860ல் தொடங்கி கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் அவர்களின் பிள்ளைகளும்தான் இங்கே இருக்கிறார்கள். பெரும்பாலான வீடுகளில் தமிழ்ப் பேச்சு போய்விட்டது, சாவு வீட்டுத் தேவாரம் மட்டும் போகவில்லை. ஆங்கில எழுத்தில் அச்சடித்த தமிழை மடியில் வைத்துக்கொண்டு, பாதி வரிக்குப் பொருள் தெரியாமலே பாடுவார்கள். வந்த புதிதில் அந்த உச்சரிப்பைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது, இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

2020 ஜூலையில் மாமனார் கொரோனாவில் போனார். இறுதிச் சடங்குக்கு 50 பேருக்கு மேல் கூடாது, இரவு கண்விழிப்பு கூடவே கூடாது என்று சட்டம். எங்களுக்கும் தொற்று இருந்ததால் அந்த 50 பேரில்கூட நாங்கள் இல்லை. (விடிய விடியப் பாடித்தான் இறந்தவரை அனுப்புவார்கள் எங்கள் ஜூலு அக்கம்பக்கத்தார். அவர்களுக்கும் அதே தடைதான்.) தேவாரக் குழுவினர் அவரவர் வீட்டிலிருந்து வாட்ஸ்ஆப்பில் பாடிப் பார்த்தார்கள். ஒருவர் குரல் முந்தி வர, இன்னொருவர் குரல் பின்னால் வர, ஒரே கூச்சல். மாமியார் எழுந்து உள்ளே போய்விட்டார். பதினாறு நாளும் அவர் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, தூக்கமும் இல்லை. நானும் கைபேசியில் தாலாட்டு ராகமான நீலாம்பரியைப் போட்டுப் பார்த்தேன், அணைக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

கட்டுப்பாடு தளர்ந்த பிறகு குழுவில் ஆறு பேர் வந்து, முகக்கவசத்தோடு, கார் நிறுத்தும் இடத்தில் நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார்கள். சுண்ணாம்புக் காளவாயில் அடைபட்டிருந்தபோது அப்பர் பாடியதாகச் சொல்வார்களே, அந்தப் பதிகத்தைத்தான் எடுத்தார்கள். இரண்டாவது பாட்டில் மாமியார் சேர்ந்துகொண்டார், பாதியில் குரல் உடைந்து ஓவென்று அழுதார். யாரும் நிறுத்தவில்லை, ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கவும் இல்லை, வேகத்தை மட்டும் குறைத்தார்கள், அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த வரியில் வந்து சேரும் வரைக்கும். அழும்போது மூச்சு விக்கி விக்கி வருகிறது, பாட வேண்டுமென்றால் அதை நீளமாக விட்டாக வேண்டும், அதுதான் நெஞ்சை இளக்குகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் ஊர் ஒப்பாரியிலும் இதே கதைதான், ஒருத்தி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். அன்று ராத்திரி மாமியார் தூங்கினார். துக்கம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன், தூங்கினார், அவ்வளவுதான்.

அடுத்த முறை இசையும் மனசும் பற்றி எழுதுகிறவரை, காதிலிருந்து இயர்போனைக் கழற்றிவிட்டு ஒரு துக்க வீட்டுக்குப் போய் உட்காரச் சொல்லுங்கள்.

மாமியாருக்கு இப்போது 78. இன்னொரு வீட்டில் சாவு என்றால் குழுவோடு அவரும் போகிறார். தமிழ் எழுத்து தெரியாது, ஆனால் அவருடைய புத்தகத்தில் எங்கெங்கே மூச்சு விட வேண்டும் என்று சிவப்புப் பேனாவில் கோடு போட்டு வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சாட்ஸ்வொர்த், டர்பன்