செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, விளையாட்டு நாள் மூன்றும் வழக்கம்போல் நடந்தன. தமிழ்ப் பள்ளி தொடர்கிறது.

காட்டோரத்தில் நம் சங்கம் செய்த பாம்பாஸ் புல் அகற்றும் பணியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். "தமிழ்ச் சங்கத்துக்குப் புல் பிடுங்குவது எதற்கு?" என்று வாட்ஸ்அப்பில் கேட்ட அன்பர்களில் ஒருவர்கூடக் களத்துக்கு வரவில்லை. தோட்ட அழகுக்கென்று தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த புல், இன்று ஆக்லாந்தை அடுத்த வைட்டாகரே மலைக்காட்டு ஓரங்களில் புதராக நிற்கிறது. ஒரு கதிரில் ஒரு லட்சம் விதை வரை இருக்கும். ஊதாக் கதிர் விடும் வகைக்கு மகரந்தமே வேண்டாம். ஒற்றைச் செடியே விதை கட்டும். நியூசிலாந்தில் இதை விற்கவும் பரப்பவும் தடை.

முதல் நாள் தவறுதலாக இந்நாட்டுக்கே உரிய டோய்டோய் புதர்கள் சிலவற்றையும் வெட்டிவிட்டோம். இனி இலையை வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். பாம்பாஸுக்கு நடுநரம்பு ஒன்றுதான் எடுப்பாக இருக்கும், பட்டென்று அறும். டோய்டோய்க்குப் பல நரம்பு, லேசில் அறாது. அடியில் காய்ந்த இலை மரச்சீவல்போல் சுருண்டிருந்தால் பாம்பாஸ்தான். டோய்டோய் செப்டம்பர் முதல் ஜனவரி வரை பூத்துத் தொங்கும். பாம்பாஸ் கதிர் ஜனவரிக்குப் பிறகு நிமிர்ந்து நிற்கும்.

சிறு செடியை வேர்க்கட்டையோடு கிளறி, மண்ணை உதறி, வேர் மேலாகக் கவிழ்த்தால் போதும். பெரிய புதரில் முதலில் கதிரை வெட்டிப் பையில் கட்ட வேண்டும், பிறகே ரம்பம். அறுத்த கட்டையில் துளிர் நன்றாக விரிந்தபின், 10 லிட்டர் நீருக்கு 100 மில்லி கிளைபோசேட் என்ற களைக்கொல்லி, ஒட்டும் திரவத்தோடு. அறுத்த அன்றே தெளித்த மருந்து வீண். அதை உறிஞ்ச இலை வேண்டுமே! தீ வைத்தாலும் கட்டை மறுபடி துளிர்க்கும். இலை விளிம்பு பிளேடு மாதிரி. தோல் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். இந்நாட்டின் பெருமரமான கௌரி (kauri) மரங்களைக் கொல்லும் நோய் மண்ணோடு பரவுவதால், காலணியைத் தேய்த்துக் கழுவிக் கிருமிநாசினி அடிக்காமல் யாரும் உள்ளே போகக்கூடாது, வெளியேயும் வரக்கூடாது.

பையில் கட்டிய கதிர்களில் சில, கல்யாண மேடை அலங்காரத்துக்குப் போனதாக அறிகிறேன். யார் என்று இங்கே எழுதவில்லை.

வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. ரம்ப வாடகை கொஞ்சம் கூடியது. விவரம் பொருளாளரிடம். சந்தா பாக்கி வைத்திருப்போர் பொங்கல் பந்தியில் முதல் வரிசையில் இருந்ததைக் குறித்துக்கொண்டேன்.

செயற்குழுவினருக்கும் சமையல் குழுவினருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு வேலை அக்டோபரிலேயே தொடங்க வேண்டும், கதிர் வந்தபின் போய்ப் பயனில்லை. இப்பொறுப்பை வேறு யாரேனும் ஏற்றால் மகிழ்ச்சியே. ரம்பம் பிடிக்கத் தெரிந்தவராக, சந்தா கட்டியவராக இருந்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
செயலாளர்