அல்பீரிலிருந்து அப்பா

டிசம்பர் 9

குஞ்சு,

ஞாயிறு இரவு வீடியோவில் கதைத்தபோது நீ குசினி லைற் போடாமல் இருந்தாய். அம்மா கேட்டதற்குப் பல்ப் போய்விட்டது என்றாய். சரி, பல்ப் போகிறதுதான். ஆனால் அதற்கு முந்தின ஞாயிறும் அதே இருட்டு, உன் கன்னத்தில் போன் வெளிச்சம் மட்டும்தான் இருந்தது. கடைக்குப் போய் ஒரு பல்ப் வாங்கி மாற்றிவிடு. அந்த விளக்குக்குச் சின்னத் திருகு உள்ளதுதான் பொருந்தும், பெரியதை வாங்கிவிட்டுத் திரும்பவும் அலையாதே. மே மாதம் வந்து நின்றபோது அதைப் பூட்டினதே நான்தான்.

தமிழில் எழுதுகிறேன் என்று சலிக்காதே. நோர்வே மொழியில், நொர்ஸ்க்கில் எழுதினால் மேலால் பார்த்துவிட்டுக் கட்டைவிரல் ஒன்றைப் போட்டுவிடுவாய். தமிழென்றால் எழுத்துக்கூட்டி வாசிக்க வேண்டும், கொஞ்ச நேரமாவது என்னோடு இருப்பாய். போன கிழமை தோடம்பழ மரத்தின் படம் அனுப்பினேன். நீ பார்த்ததற்கு நீலக் கோடு விழுந்தது, பதில் வரவில்லை. இரவு வேலை என்று அம்மா சமாதானம் சொல்கிறா. இரவு வேலை எனக்கும் தெரியும் பிள்ளை, ஒரு வரி எழுத அதற்குள்ளும் நேரம் கிடைக்கும்.

இங்கே நாங்கள் சுகம். தினமும் நடப்பதால் அம்மாவின் சீனி இறங்கியிருக்கிறது. இன்றைக்குப் பகல் 18 பாகை, கடற்கரை வாங்கில் சுவெற்றரைக் கழற்றிவிட்டு உட்காரலாம், மாலை ஐந்தரைக்கும் வெளிச்சம் இருக்கிறது. வீட்டுக்குள்தான் குளிர். நோர்வேயின் வடகிழக்குக் கோடியில், வார்டோவில் இருபத்திரண்டு வருடம் கிடந்தவனுக்கு ஸ்பெயினில் குளிருகிறது என்றால் நம்பமாட்டாய், ஆனால் இந்த வீடுகள் கோடைக்குக் கட்டினவை, தரை முழுக்க மாபிள், சூடாக்க ஒன்றுமில்லை, இரவில் வெளியே எட்டுப் பாகைக்கு இறங்கினால் காலையில் வெறுங்காலை நிலத்தில் வைக்க முடியாது. செம்மஞ்சள் நிறக் காஸ் சிலிண்டர் ஒன்றை உள்ளே வைத்து உருட்டிக்கொண்டு போகிற ஹீற்றர் வாங்கியிருக்கிறோம். அம்மா அதற்குப் பக்கத்தில் இருந்துதான் புட்டுக்கு மா குழைக்கிறா. யன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துத்தான் எரிக்கிறோம், அதற்கும் நீ பயப்படாதே.

நீ த்ரான், அந்த மீனெண்ணெய், குடிக்கிறாயா? ஒரு கரண்டி போதும். பெயரில் 'ர்' வருகிற மாதமெல்லாம் குடிக்க வேண்டும் என்று நோர்வேக்காரர் சொல்வார்கள், செப்ரெம்பரிலேயே தொடங்கியிருக்க வேணும். நீ டொக்டர், ஊருக்கே மருந்து எழுதுகிறாய், உனக்கு நான் சொல்வதா என்று கேட்பாய். யாழ்ப்பாணத்து மயிலிட்டியில் வலை இழுத்தவரின் பேத்தி நோர்வேயில், துரொம்சோவில் டொக்டர் என்று நான் சொல்லாத ஆள் கிடையாது, பாண் கடைக்காரிக்குக்கூட அரைகுறை ஸ்பானிஷில் சொல்லிவிட்டேன். ஆனாலும் த்ரானைக் குடி.

ஏன் இந்த ஊர் என்று ஒக்ரோபரில் கேட்டாய். அம்மாவுக்கு மலை பிடிக்கும் என்றேன். அதுவும் உண்மைதான். பின்னால் பூச் கம்பானா என்று 1400 மீற்றருக்கு மேல் உயர்ந்த மலை நிற்கிறது, உச்சியில் யாரோ கத்தியால் ஒரு துண்டை வெட்டி எடுத்த மாதிரிப் பள்ளம். முன்னால் கடல். மணல் இல்லை, உருண்டைக் கல்தான், அலை திரும்பும்போது கல்லெல்லாம் சேர்ந்து உருளுகிற சத்தத்தை நீ ஒரு முறை கேட்க வேணும். அல்தேயாவில் செவ்வாய்ச் சந்தை, அங்கே சூடை மாதிரி ஒரு மீன் வாங்கிச் சொதி வைக்கலாம், கறிவேப்பிலைதான் கிடைப்பதில்லை. கிரான் கனாரியா இதைவிடச் சூடு, டிசம்பரிலும் கடலில் குளிக்கலாம், அங்கேயும் நோர்வேக்காரர் நிறையப்பேர். ஆனால் ஒஸ்லோவுக்கு ஆறு மணித்தியாலம் பறக்க வேணும். இங்கே அலிக்காந்தேயில் ஏறினால் நாலு மணித்தியாலத்துக்குள் ஒஸ்லோ, பிறகு உன்னிடம் வர இரண்டு மணித்தியாலம். காலையில் நீ கூப்பிட்டால் இரவுக்குள் உன் கதவைத் தட்டலாம். அதை வைத்துத்தான் ஊரைத் தெரிவு செய்தேன், அம்மாவுக்கும் சொல்லவில்லை.

ஊருக்கே போயிருக்கலாமே என்று பெரியம்மா இன்னும் கோபம். ஆமி பிடித்து வைத்திருந்த மயிலிட்டித் துறைமுகத்தை 2017இல், 27 வருடத்துக்குப் பிறகு திறந்துவிட்டபோது நாங்கள் போய்ப் பார்த்ததும், அப்பு கட்டின வீட்டில் கிணற்றுக் கட்டு மட்டும் மிஞ்சியிருந்ததும் அவவுக்கும் தெரியும். ஊர் வேண்டாம் என்று இல்லை. அங்கிருந்து உன்னிடம் வர ஒன்றரை நாள் வேணும்.

நாட்கணக்கு எல்லாம் ஒழுங்கு. மூன்று மாதத்துக்கு மேல் நிற்பவர் பதிய வேண்டும் என்று நீ வாசித்துச் சொன்னபடி பெனிடோர்ம் பொலிஸில் போய்ப் பதிந்து பச்சைத் தாள் எடுத்துவிட்டோம். வருடத்தில் ஆறு மாதத்தைத் தாண்டினால் நோர்வேயில் காப்புறுதி சிக்கலாகும், இங்கே 183 நாளைத் தாண்டினால் வரி. நாங்கள் மார்ச் கடைசியில் திரும்புகிறோம், அம்மா கொப்பியில் ஒவ்வொரு நாளாகக் கோடு போடுகிறா. நீ அந்தப் படிவத்தை வரிவரியாக விளங்கப்படுத்தின பொறுமை யாருக்கு வரும். அதே பொறுமையில் ஒரு பல்ப் மாற்றலாம்.

வெளிச்ச வீடு வரைக்கும் ஒரு பாதை போகிறது, இரண்டரைக் கிலோமீற்றர், தார் போட்டது, இரண்டு பக்கமும் பைன் மரம். நடுவழியில் பழைய காவிக்கல் சுரங்கம், மண் அப்படியே எங்கள் ஊர்ச் செம்மண் நிறம். போன புதன் அதற்குப் பக்கத்து வாங்கில் நான் இருந்தபோது ஒரு கிழவி வந்து இருந்தா. நான் வணக்கம் சொன்ன ஒரு சொல்லிலேயே பிடித்துவிட்டா: "நீங்கள் பின்மார்க்கா?" பின்மார்க்கில், வார்டோ மீன் பக்டரியில் பழகின நொர்ஸ்க் அல்லவா, ஒஸ்லோவில் பதினேழு வருடம் பஸ் ஓடியும் மாறவில்லை. அவவும் அந்தப் பக்கம், கிர்க்கனெஸ். மனுசன் செத்த பிறகு ஒவ்வொரு நவம்பரும் இங்கே வந்துவிடுகிறாவாம். மூட்டு வருத்தமா என்று கேட்டேன். "இல்லை, இருட்டு" என்றா. சூரியன் உதிக்காத இருட்டுக் காலம் வந்தால் தன்னால் கட்டிலை விட்டு எழும்ப முடியாது, அதற்கு மருந்தும் எடுக்கிறேன் என்று, பிரஷருக்குக் குளிசை போடுகிறேன் என்பது மாதிரிச் சொன்னா. சொல்லிவிட்டுப் பையிலிருந்து ஒரு தோடம்பழத்தை எடுத்து உரித்து எனக்குப் பாதி தந்தா.

அந்தப் பாதியைக் கையில் வைத்துக்கொண்டு என்னால் தின்ன முடியவில்லை.

எல்லோருக்கும் நாங்கள் என்னுடைய முழங்காலுக்காக இங்கே வந்தோம் என்றுதான் சொன்னோம். உனக்கும். நீ எக்ஸ்ரே அனுப்பச் சொன்னாய், நான் நாளைக்கு, நாளைக்கு என்றேன். எக்ஸ்ரே இல்லை, குஞ்சு. முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. மூன்று வருடத்துக்கு முந்தின ஜனவரியில் ஒரு நாள் விடிய ஐந்து மணிக்கு பஸ்ஸில் ஏறி இருந்தேன், திறப்பைப் போட்டேன், திருப்பவில்லை. கை வரவில்லை. நாற்பது நிமிடம் அப்படியே இருந்திருக்கிறேன், ஸ்ரேசனில் நின்ற பெடியன் வந்து கண்ணாடியில் தட்டின பிறகுதான் தெரிந்தது. டொக்டர் மூன்று மாதம் லீவு எழுதினார், மனச்சோர்வு என்று எழுதினார். அந்தத் தாளை அம்மா மட்டும்தான் பார்த்தா. கோயிலில் யாராவது கேட்டால் முழங்கால் என்று சொல் என்றேன், அன்றைக்குத் தொடங்கின முழங்கால்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. இதைத்தான் எழுத வந்தேன், பல்பை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உனக்குப் பதினாலு வயது, வார்டோவில் கடைசி மாரி. நீ காலையில் எழும்பமாட்டாய், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கிடப்பாய், பள்ளிக்கூடத்தில் மேசையில் தலை வைத்திருக்கிறாய் என்று வகுப்பாசிரியர் சொன்னார். பள்ளிக்கூடத் தாதியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கண் பரிசோதிக்கச் சொல்லி எழுதியிருக்கிறார்கள் என்று உனக்கும் அம்மாவுக்கும் சொன்னேன். வாட்சோவுக்கு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன், கண்ணாடிக் கடைக்காரர் உன் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார், திரும்பி வரும்போது நீ ஒன்றும் கேட்காமல் யன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டு வந்தாய். ஞாபகம் இருக்கும்.

அந்தக் கடிதத்தில் கண்ணைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பிள்ளை துயரமாக இருக்கிறாள், நித்திரையும் சாப்பாடும் கவலையாக இருக்கிறது, பேச ஒருவரை ஒழுங்கு செய்கிறோம், சம்மதித்துக் கையெழுத்து வையுங்கள் என்று இருந்தது. தேவையில்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். அன்றிரவு குசினியில் உனக்குச் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. குண்டு விழுகிற இடத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள், உனக்குச் சாப்பாடா இல்லை, உடுப்பா இல்லை, என்ன குறை உனக்கு என்றேன். நீ கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குள் போய் லைற்றை அணைத்தாய்.

ஏன் செய்தேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். வெட்கம்தான். நாலு தமிழ்க் குடும்பம் இருந்த தீவில் பிள்ளைக்கு மனதில் வருத்தமாம் என்று கதை வரும் என்ற பயம். இன்னொன்று, எனக்கும் அப்படித்தான் இருந்தது, நான் அதற்குப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். பக்டரியில் தோர்ஸ்க் மீன் துண்டுகளைப் புழு பார்க்கிறதற்குக் கண்ணாடி மேசை ஒன்று இருக்கும், அடியில் ரியூப் லைற் எரியும். மேலே மீனை வைத்தால் உள்ளே நூல் மாதிரிச் சுருண்டு கிடக்கிற புழு தெரியும், கத்தி நுனியால் கிள்ளி எடுக்க வேணும். டிசம்பரில் எட்டு மணித்தியாலமும் அந்த மேசையில் நிற்க நான் சண்டை பிடிப்பேன். மற்றவர்கள் கண் நோகிறது என்று ஒதுங்குவார்கள். எனக்கு ஒரு நாளில் முகத்தில் பட்ட வெளிச்சம் அதுதான். அது தெரிந்த நான் உன் கடிதத்தை ஒளித்தேன். இன்னும் என்னிடம் இருக்கிறது, ஒஸ்லோ வீட்டில் பாஸ்போர்ட் போட்டு வைக்கிற பிஸ்கற் ரின்னில், அடியில்.

என்னை மன்னி என்று கேட்க எழுதவில்லை. உன்னிடம் இருந்தது ஒரு வருத்தம், சோம்பல் இல்லை, அதை ஒருவர் கண்டுபிடித்துக் கையை நீட்டினார், தடுத்தது நான். அது உனக்குத் தெரிந்திருக்க வேணும். இப்போது அப்படி ஏதும் இருந்தால், இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, உன்னுடைய ஆஸ்பத்திரியிலேயே யாராவது ஒருவரிடம் கதை. டொக்டருக்கும் டொக்டர் தேவை. எனக்கு உதவினது மருந்தும் பிறகு இந்த வெயிலும். பகல் பதினொன்றிலிருந்து ஒரு மணிக்குள் அங்கே வானம் நீலமாக வருமே, அந்த நேரம் வெளியே போய் நட. இரவு வேலை முடிந்த நாளிலும் அந்த நேரத்துக்கு அலாரம் வைத்து எழும்பு. த்ரான் மறக்காதே.

நத்தார் லீவு கிடைக்கவில்லை என்றாய். சரி. புது வருடத்துக்குப் பிறகு கிடைத்தால் வா, ரிக்கற் நான் போடுகிறேன், ஜனவரி கடைசியில் இங்கே வாதுமை பூக்கத் தொடங்கும். வர முடியாவிட்டால் நான் வருகிறேன். ஜனவரி 21 உங்களுக்கு இருட்டு முடிந்து சூரியன் திரும்புகிற சூரிய நாள் அல்லவா, அன்றைக்கு அங்கே நின்று உன்னோடு அந்த ஜாம் வைத்த பண் சாப்பிட வேணும் போல இருக்கிறது. வார்டோவில் சூரியன் முழுதாகத் தெரிந்ததும் கோட்டையில் பீரங்கி வெடிக்கும், பள்ளிக்கூடம் விட்டுவிடுவார்கள், நீ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பக்டரி வாசல் வரைக்கும் ஓடி வருவாய், நான் ஏப்ரனோடு வெளியே வருவேன். அந்த மாரி மட்டும் நீ ஓடி வரவில்லை. நான் வாசலில் நின்றேன்.

அம்மா இதை வாசிக்கவில்லை. அவ கேட்டால் பல்பைப் பற்றி எழுதினேன் என்று சொல்வேன்.

வியாழன் இரவு எட்டுக்குப் போனுக்குப் பக்கத்தில் இருப்பேன். எடு. லைற் போட முடியாவிட்டால் போடாமலேயே எடு.

அப்பா