புள்ளிக்காகப் பறப்பவர்கள் லாங்ரீச் விமானத்தை விட்டுவிடட்டும்

ஆசிரியருக்கு,

சிறிய விமானங்களில் ஊர் ஊராக இறங்கி ஏறினால், ஆஸ்திரேலிய விமான நிறுவனமான குவாண்டாஸின் அடிக்கடி பறப்போர் திட்டத்தில் கோல்ட் அந்தஸ்து விரைவாகக் கைகூடும் என்று உங்கள் பயணப் பகுதியில் வந்த கட்டுரை, பாதி சரியான தகவலை வைத்துக்கொண்டு வாசகர்களைத் தவறான ஊருக்கு அனுப்புகிறது. பிரிஸ்பேனிலிருந்து பார்கால்டின் வழியாக, குவீன்ஸ்லாந்தின் உள்நாட்டுச் சிற்றூரான லாங்ரீச் போய்வரச் சொல்லும் அந்த யோசனையை யாரும் பின்பற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே எழுதுகிறேன்.

கணக்கை முதலில் பார்ப்போம். அந்தஸ்தைத் தீர்மானிப்பது செலவழிக்கும் புள்ளிகள் அல்ல, ஒவ்வொரு பயணத்துக்கும் தனியாகச் சேரும் ஸ்டேட்டஸ் கிரெடிட். கட்டுரை இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிட்டது. தற்போதைய அட்டவணைப்படி, 750 மைலுக்கு உட்பட்ட உள்நாட்டுப் பயணம் ஒவ்வொன்றுக்கும் மலிவு எகானமிச் சீட்டில் 10 கிரெடிட், ஃபிளெக்ஸ் சீட்டில் 20, பிஸினஸில் 40. 751 முதல் 1,500 மைல் வரை 15, 30, 60. சில்வருக்கு 300, கோல்டுக்கு 700, பிளாட்டினத்துக்கு 1,400 வேண்டும். இந்த அட்டவணையில் விமானத்தின் அளவுக்கு இடமே இல்லை. 74 இருக்கை கொண்ட டாஷ் 8 சுழலி (புரொப்பெல்லர்) விமானம் என்றாலும் போயிங் 737 ஜெட் என்றாலும் அதே 10தான். பலன் தருவது பயணம் எத்தனை துண்டாக உடைகிறது என்பது மட்டுமே.

சிட்னியிலிருந்து கெயின்ஸ் நேராகப் போனால் சுமார் 1,225 மைல், 15 கிரெடிட். பிரிஸ்பேனில் மாறினால் 10 கூட்டல் 15, ஆக 25. பிரிஸ்பேனிலும் டவுன்ஸ்வில்லிலும் மாறினால் மூன்று துண்டும் 750 மைலுக்குள் அடங்கி 30 ஆகிவிடும். கையில் 660 கிரெடிட்டோடு ஆண்டு முடியப்போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நேர் விமானத்தில் கெயின்ஸ் போய்வந்தால் 690இல் நின்று கோல்ட் கைநழுவும். அதே ஊருக்கு மூன்று துண்டாகப் போய்வந்தால் 720. இந்த உத்தியின் உண்மையான பயன் இதுதான்: கடைசியில் விழும் சின்னப் பள்ளத்தை நிரப்புவது. பூச்சியத்திலிருந்து தொடங்கினால் மலிவுச் சீட்டில் 70 முறை பறக்க வேண்டும். அதைக் 'குறுக்கு வழி' என்று கட்டுரை எழுதியது சரியல்ல.

நம்மவர்களில் பலர் கொழும்புக்கும் சென்னைக்கும் ஸ்ரீலங்கன் விமானத்தில் போகிறார்கள். 2014இலிருந்து அது குவாண்டாஸும் உள்ள ஒன்வேர்ல்ட் விமான நிறுவனக் கூட்டணியில் இருப்பதால் அந்தப் பயணங்களைக் குவாண்டாஸ் கணக்கில் சேர்க்கலாம். குவாண்டாஸ் கோல்ட் வைத்திருப்பவர் அந்தக் கூட்டணியின் சஃபையர் நிலையில் இருப்பவராகக் கருதப்பட்டு லவுஞ்சுக்குள்ளும் போகலாம். ஆனால் எவ்வளவு கிரெடிட் சேர்ந்தாலும், அந்தஸ்து ஆண்டுக்குள் குவாண்டாஸ் அல்லது ஜெட்ஸ்டார் விமான எண்ணில் தகுதியான பயணம் குறைந்தது நான்கு இருந்தால்தான் அந்தஸ்து உயரும். சிட்னி–பிரிஸ்பேன்–டவுன்ஸ்வில் போய்த் திரும்பினாலே நான்கு ஆகிவிடும். கட்டுரையில் இது ஒரு வரிகூட இல்லை.

சீட்டு எடுக்கும்போது சில விஷயங்களைப் பார்க்க வேண்டும். எல்லாத் துண்டுகளையும் ஒரே முன்பதிவில் எடுங்கள். தனித்தனியாக எடுத்தால் முதல் விமானம் தாமதித்து அடுத்ததைத் தவறவிட்டால் அது உங்கள் பாடு. பல ஊர் தேடலில் சில நாட்களில் ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் கட்டணம் விழுந்து தொகை ஏறிவிடும். கூடுதலாகக் கொடுக்கும் டொலரைக் கூடுதலாக வரும் கிரெடிட்டால் வகுத்துப் பாருங்கள். ஒரு கிரெடிட்டுக்குப் 10 டொலர் தாண்டினால் விட்டுவிடலாம் என்பது என் கணிப்பு. ஒவ்வொரு துண்டுக்கும் தனி விமான எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரே எண்ணில் நடுவில் தரித்துச் செல்லும் விமானத்தை ஒரே பயணமாகக் கணக்கிடுவது பல நிறுவனங்களின் வழக்கம். ஆகவே பணம் கட்டுமுன் குவாண்டாஸின் புள்ளிக் கணிப்பானில் போட்டுப் பார்த்துவிடுங்கள். ஆண்டு என்பது ஜனவரியிலிருந்து அல்ல, நீங்கள் உறுப்பினரான மாதத்திலிருந்து ஓடுகிறது. கணக்கில் வருவது பறந்த நாள், பணம் கட்டிய நாள் அல்ல. இரட்டைக் கிரெடிட் சலுகை வந்தால் பதிவு முதலில், சீட்டு அதன் பிறகு. வரிசை மாறினால் சலுகை போய்விடும்.

பயண நாளில் வரும் சிக்கல் வேறு. டாஷ் 8 நாள் முழுவதும் ஊருக்கு ஊர் ஓடிக்கொண்டே இருக்கும். காலையில் மூடுபனியால் இழந்த அரை மணித்தியாலம் மாலைக்குள் இரண்டாகப் பெருகும், கடைசியில் விமானிகளின் பணிநேர வரம்பு முடிந்து இரவு விமானமே ரத்தாகும். அதனால் நாளின் கடைசி விமானத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள். மாறும் இடத்தில் இரண்டு மணித்தியாலமாவது விடுங்கள். இணைப்பைத் தவறவிட்டால் பணியாளர் உதவும் நோக்கில் நேர் விமானத்தில் ஏற்றிவிடுவார். அதோடு கிரெடிட் குறைந்துபோகும். அப்போது போர்டிங் பாஸையும் பழைய பயணத்திட்டத்தையும் பத்திரப்படுத்தி, முதலில் எடுத்த வழித்தடத்துக்கே கிரெடிட் தரும்படி எழுதிக் கேளுங்கள். நிறுவனமே மாற்றிவிட்ட பயணத்துக்கு அப்படிக் கேட்க இடமுண்டு. நீங்களாக மாற்றிக்கொண்டதற்கு இல்லை.

சக்கரம் வைத்த கைப்பொதி டாஷ் 8இன் மேல்தட்டில் பெரும்பாலும் நுழையாது. படிக்கட்டருகே அட்டை கட்டி வாங்கி, இறங்கும்போது அங்கேயே திருப்பித் தருவார்கள். மருந்து, கணினி, கடவுச்சீட்டு எல்லாம் தோள்பையில் இருக்கட்டும். இருக்கை எடுக்கையில் சுழலியை ஒட்டிய முன்வரிசைகளைத் தவிர்த்துப் பின்னால் எடுங்கள். இந்த டாஷ் 8 வகையின் பெயரான Q400இல் 'Q' அமைதியைக் (quiet) குறிப்பதுதான், ஆனாலும் ஆறு அலகுச் சுழலியின் நேர்வரிசையில் அதிர்வு காதுக்குள் நிற்கும். நின்றிருக்கும் விமானத்தின் சுழலியை ஒரு பட்டியால் கட்டியிருப்பதைப் பார்க்கலாம். காற்றில் அது தானாகச் சுற்றாதிருக்க அந்தக் கட்டு. பட்டியை இன்னும் அவிழ்க்கவில்லை என்றால் விமானம் இப்போதைக்குக் கிளம்பாது என்று தெரிந்துகொள்ளலாம். பாதி காலியான விமானத்தில் பின்னால் நகர்ந்து உட்காரச் சொன்னால் மறுக்காதீர்கள். எடைச் சமநிலைக்காகத்தான் கேட்கிறார்கள்.

இனி லாங்ரீச். பிரிஸ்பேனிலிருந்து பார்கால்டின், பிளாக்கால், லாங்ரீச்சுக்கும், ரோமா வழியாகச் சார்ள்வில்லுக்கும் போகும் விமானங்கள் குவீன்ஸ்லாந்து அரசின் ஒப்பந்தத்தின்கீழ் ஓடுபவை. அந்த ஊர்க்காரர்களுக்கு அது பேருந்து மாதிரி. நிபுணரைப் பார்க்கப் பிரிஸ்பேன் போகும் நோயாளிகள், அரசின் நோயாளர் பயண உதவித் திட்டத்தில் அதே இருக்கைகளில்தான் உட்காருகிறார்கள். இருக்கை காலியாகத் தெரிந்தாலும் அது விற்கக்கூடியது என்று அர்த்தமல்ல. 40 பாகையைத் தாண்டும் கோடை மதியத்தில் காற்றின் அடர்த்தி குறைந்து இறக்கைக்கும் இயந்திரத்துக்கும் வலு குறைகிறது. அதே ஓடுபாதையில் குறைந்த எடையோடுதான் எழும்ப முடியும். இடியோ மூடுபனியோ எதிர்பார்த்தால் வெகு தொலைவிலுள்ள மாற்று விமான நிலையம்வரை போகக் கூடுதல் எரிபொருளும் ஏற்ற வேண்டும். எரிபொருள் ஏறினால் பொதியோ ஆளோ இறங்க வேண்டும். சிட்னி–மெல்பேர்ண் தடத்தில் ஒருவர் இடத்தைப் பிடித்தால் மற்றவருக்கு அடுத்த விமானம் இருக்கிறது; லாங்ரீச்சில் பெரும்பாலும் அடுத்த நாள்தான்.

இத்தனைக்கும் பிரிஸ்பேன்–லாங்ரீச் சுமார் 610 மைல், அதே 10 கிரெடிட். டவுன்ஸ்வில்–கெயின்ஸ் 180 மைலுக்குள், அதற்கும் 10. விமானங்கள் அடிக்கடி ஓடும் தடத்தில் அதே பலன் கிடைக்கும்போது, நாளுக்கு ஓரிரு விமானம் மட்டுமே பார்க்கும் ஊரின் இருக்கையில் புள்ளிக்காக மட்டும் உட்காருவது எனக்கு நியாயமாகப் படவில்லை. லாங்ரீச்சைப் பார்க்கப் போகிறவர்கள் தாராளமாகப் போகட்டும், தங்கட்டும், அந்த ஊரில் செலவழிக்கட்டும். குவாண்டாஸின் முதல் அட்டவணைச் சேவையே 1922 நவம்பரில் சார்ள்வில்லிலிருந்து லாங்ரீச் வழியாகக் குளோன்கரிவரை ஊர் ஊராக இறங்கிப் போனதுதான். அந்த வரலாற்றைக் காணவே போகலாம். நான் எதிர்ப்பது, இறங்கி அதே விமானத்தில் திரும்பி ஏறும் பயணத்தை.

கடைசியாக ஒரு திருத்தம். பேர்ட்ஸ்வில் வழியாக மவுண்ட் ஐசா போகும் பல-நிறுத்தத் தடத்தையும் கட்டுரை பட்டியலில் சேர்த்திருந்தது. பிரிஸ்பேனிலிருந்து சார்ள்வில், குவில்பி, விண்டோரா, பேர்ட்ஸ்வில், பெடூரி, போலியா என்று இறங்கிச் செல்லும் அந்தப் பாதை சாப் 340 விமானங்கள் ஓட்டும் ரெக்ஸ் நிறுவனத்துடையது. அதில் எத்தனை முறை இறங்கி ஏறினாலும் குவாண்டாஸ் கணக்கில் ஒரு கிரெடிட்கூட ஏறாது. பாடசாலை விடுமுறைக்கு இப்போதே சீட்டு எடுப்பவர்கள் இருப்பார்கள். இதையாவது அடுத்த இதழிலேயே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பிரிஸ்பேன்